பெயரற்ற பூச்சிகளும் பூச்சியற்ற பெயர்களும்

அஞ்சுகிராமத்தில் என் மாமாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. பெரிய தோப்பு என்று சொல்ல முடியாது. மேற்கே மருந்துவாழ்மலை தெரியும். கிழக்கே சற்று நடந்தால் பனையும் உடைமரமும் நிற்கும் செம்மண் காடு. நாஞ்சில் நாட்டின் பசுமை முடிந்து நெல்லைச் சீமையின் வறட்சி தொடங்குகிற விளிம்பு அது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோப்பின் ஓலைகள் கரி பூசியதுபோல் கறுத்தன. கீழே நின்ற வாழையிலைகளும் கறுத்தன. மாமா ஓர் ஓலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்தில் யாரோ வெள்ளை மெழுகால் சுருள் சுருளாகக் கோலம் போட்டு வைத்திருந்தார்கள்.

உரக்கடையில் கேட்டபோது 'வெள்ளை ஈ' என்றார்கள், மருந்தும் கொடுத்தார்கள். வெள்ளை ஈ என்பது சரிதான். மனிதனைக் காட்டி 'பாலூட்டி' என்று சொன்னாலும் சரிதான்.

அது எந்த வெள்ளை ஈ என்பதில்தான் விஷயம் இருந்தது. 1993-இலேயே கேரளம் வழியாக ஒரு சுருள் வெள்ளை ஈ இந்தியாவுக்குள் வந்திருந்தது. மரச்சீனி, கொய்யா என்று எதிலும் உட்காரும். 2016-இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் கண்டறியப்பட்டது அதன் ஒன்றுவிட்ட சகோதரி, ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுத் தென்னைகளிலிருந்து 2004-இல்தான் அறிவியலில் பெயர் பெற்றது. பறக்கும் பருவத்தில் இரண்டையும் வெறும் கண்ணால் பிரிப்பது கடினம். இலையோடு ஒட்டிக் கிடக்கும் கூட்டுப்புழுவை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும், அல்லது அதன் மரபணுவைப் படிக்கவேண்டும். இனம் தெரிந்ததும் அடுத்த செய்தி கிடைத்தது: பழைய வெள்ளை ஈயைத் தின்ன ஏற்கனவே இங்கு வந்து சேர்ந்திருந்த என்கார்சியா என்ற குளவி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயிர், புதிய ஈக்குள்ளும் முட்டையிடுகிறது. அது நுழைந்த கூட்டுப்புழு கறுத்துவிடும். ஆகவே மருந்தடிக்காதீர்கள், அந்தக் குளவியை விட்டுவையுங்கள் என்று ஆய்வு நிலையங்கள் சொல்லத் தொடங்கின. அதற்குள் மாமா இரண்டு முறை அடித்துவிட்டார். ஈயும் செத்தது, குளவியும் செத்தது. ஈ மட்டும் திரும்பி வந்தது.

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு அது நெருக்கமானது, ஏனெனில் அது மரச்சீனிக்கிழங்கைப் பற்றியது. 1970-களில் ஆப்பிரிக்காவில் ஒரு மாவுப்பூச்சி மரச்சீனியை அழிக்கத் தொடங்கியது. கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவு அது. கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்கும், அதன் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடிப் போனார்கள். தென்னமெரிக்காவின் வடபகுதியில் மரச்சீனியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்க்க அதேதான். அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்து ஆப்பிரிக்கப் பூச்சியின்மேல் விட்டார்கள். ஒட்டவில்லை. பிறகுதான் வகைப்பாட்டியலாளர்கள் நுணுகிப் பார்த்துச் சொன்னார்கள், அது வேறு இனம் என்று. வடக்கத்திய இனத்தில் ஆண் உண்டு. ஆப்பிரிக்காவுக்குப் போனதில் பெண் மட்டுமே. 1981-இல் உண்மையான பூச்சி பராகுவேயில் கிடைத்தது. அங்கிருந்து வந்த லோபெசி என்ற குளவி ஆப்பிரிக்காவின் மரச்சீனியைக் காப்பாற்றியது. அந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் திருச்சூரில் தென்பட்டு, தமிழ்நாட்டுக்குள்ளும் வந்தது. இந்த முறை எவரும் திசை தவறவில்லை. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே லோபெசியைத் தருவித்து, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வெளியிட்டது. முன்பு ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரு பூச்சிகளைப் பிரித்துப் பார்த்ததன் பலன், நாற்பது ஆண்டுகள் கழித்து நம் வயலுக்கு வந்தது.

இந்தக் கண்ணைச் சுருக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம் என்பதுதான் டி.என்.ஏ. பார்கோடு முறையின் அடிப்படை எண்ணம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் 2003-இல் முன்வைத்தது. கடைச் சாமான்களின் மேல் கறுப்புக்கோடு அச்சிட்டிருப்பதைப்போல ஒவ்வொரு விலங்கினத்துக்கும் இயற்கையே ஒரு கோட்டை எழுதி வைத்திருக்கிறது, அதைப் படித்தால் போதும் என்றார். உயிரணுக்களுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு குறிப்பிட்ட மரபணு. அதில் ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. ஓர் இனத்துக்குள் அந்த எழுத்துக்கள் பெரும்பாலும் ஒத்திருக்கும்; இனம் மாறினால் சற்று அதிகமாக மாறும். பூச்சியின் ஒரு காலை ஒடித்துக் கொடுத்தால் போதும். முட்டையாக இருந்தாலும் புழுவாக இருந்தாலும் பாதி நசுங்கிய உடலாக இருந்தாலும் எழுத்து ஒன்றுதான். உருவத்தைப் பார்ப்பவருக்குப் புழு என்பது பெரும்பாலும் ஊமை. இந்த முறையில் அதுவும் பேசும்.

போன ஆண்டு என் அக்காள் மகள், விலங்கியல் படிப்பவள், தன் படிப்புக்காக மாமாவின் தோப்பில் ஒரு வலைக்கூடாரம் கட்டினாள். மலேஸ் பொறி என்று பெயர். ரெனே மலேஸ் என்ற சுவீடன்காரர் 1930-களில் பர்மாவில் பூச்சி பிடிக்கப் போனபோது, தன் கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் எல்லாம் மேல் மூலைக்கு ஏறி அங்கிருந்த ஓட்டை வழியே வெளியேறுவதைக் கவனித்தார். அந்த மூலையில் ஒரு குப்பியை வைத்தார். அவ்வளவுதான். இன்றும் உலகெங்கும் சூழியல் கணக்கெடுப்புகளில் அதே பொறிதான்.

மாமா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "கொசுவலையைக் கட்டிப்போட்டு கொசுவை உள்ளே விடுகியேளே மக்களே" என்றார். ஒரு வாரம் கழித்து சாராயக் குப்பியை அவள் வெள்ளைத் தட்டில் கவிழ்த்தபோது பேச்சை நிறுத்திவிட்டார். எண்பது வருடம் அந்த மண்ணில் வாழ்ந்தவர். தட்டில் கிடந்ததில் அவருக்குத் தெரிந்த உயிர்கள் பத்தோ பன்னிரண்டோ. மீதியெல்லாம் குண்டூசித் தலை அளவுக்கு ஈக்களும் குளவிகளும்.

"இதுக்கெல்லாம் பேரு என்ன?"

"எனக்குத் தெரியாது தாத்தா. பார்கோடு எடுத்தா ஒரு நம்பர் கிடைக்கும். பேரு இருந்தா வரும், இல்லேன்னா நம்பர் மட்டும்தான்."

"ஆதார் மாதிரியாக்கும். நம்பர் கிட்டும், ஆளு யாருன்னு தெரியாது."

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் இன்று இந்தத் துறையின் பெரிய சிக்கல் அதுதான். 2016-இல் ஹெபர்ட்டும் அவர் குழுவினரும் கனடாவின் பூச்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பூச்சிகளுக்கு பார்கோடு எடுத்து 46,937 தொகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். அதிலிருந்து கணக்கிட்டால் அந்நாட்டில் குறைந்தது 94,000 பூச்சியினங்கள் இருக்கும். முந்தைய கணிப்பு 54,000. இந்த உயர்வில் வியப்பூட்டியது ஒரே ஒரு ஈக் குடும்பம், செசிடோமையிடே. தாவரங்களில் கழலைகளை உண்டாக்கும் சின்னஞ்சிறு ஈக்கள். கனடாவில் மட்டும் 16,000 இனங்கள் இருக்கலாம், உலகம் முழுக்கப் பார்த்தால் 18 லட்சம் வரை போகலாம் என்றார்கள். அப்படியானால் உலகின் வண்டினங்கள் அனைத்தையும் கூட்டினாலும் இந்த ஒரு குடும்பத்துக்கு ஈடாகாமல் போகலாம்.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஈயை நாஞ்சில் நாட்டு விவசாயி தலைமுறைகளாக அறிவான். ஆனைக்கொம்பன். நெற்பயிரின் குருத்துக்குள் அதன் புழு புகுந்தால், கதிர் வரவேண்டிய இடத்தில் வெண்மையாக ஒரு குழல் நீண்டு வரும், யானைத் தந்தம்போல. ஈயைப் பெரும்பாலும் எவரும் பார்த்ததில்லை, கொசுவைப்போல் இருக்கும், இரவில் பறக்கும். செடியில் அது விட்டுச்சென்ற அடையாளத்துக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். கன்னிப்பூவிலும் கும்பப்பூவிலும் வயலில் நின்ற ஒருவர் வைத்த பெயர் அது. வீட்டில் இருந்தபடி எவருக்கும் தோன்றாது.

இந்த ஈக்களைப் படிப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர் எம். எஸ். மணி. 1908-இல் பிறந்து 2003 வரை வாழ்ந்தவர். ஆக்ராவின் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரியில் பூச்சியியலுக்கென்று ஒரு பள்ளியையே உருவாக்கினார். தாவரக் கழலைகளின் சூழியல் பற்றி அவர் 1964-இல் எழுதிய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. (நாட்டுமருந்துக் கடையில் வாங்கும் மாசிக்காய், காயே அல்ல, ஓக் மரத்தில் ஒரு குளவி உண்டாக்கிய கழலை. இதை நான் தெரிந்துகொண்டது ஐம்பது வயதுக்கு மேல்.) இன்று கனடாவின் இயந்திரம் ஆயிரக்கணக்கில் கழலை ஈக்களைக் காட்டுகிறது. அவற்றில் எது எது என்று சொல்ல மணியைப் போன்றவர்கள் உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கிறார்கள்.

பார்கோடு ஓர் ஒப்பீடு. அகராதியில் சொல் இருந்தால்தான் பொருள் கிடைக்கும். ஒருவர் பூச்சியைப் பிடித்து, ஊசியில் குத்தி, பழைய நூல்களோடும் அருங்காட்சியக மாதிரிகளோடும் ஒப்பிட்டு, 'இது இன்னது' என்று உறுதிசெய்து, அதன் எழுத்து வரிசையை நூலகத்தில் சேர்த்து வைத்திருந்தால், பிறகு வருகிறவருக்கு நொடியில் பெயர் வரும். அவர் தவறாகச் சேர்த்திருந்தால் அந்தத் தவறும் நொடியில் வரும். பொதுத் தரவுத்தளங்களில் பெயரில்லாத வரிசைகள் குவிந்துகொண்டே போவதைக் கண்டு ராட் பேஜ் என்ற அறிஞர் 2011-இல் அவற்றை 'இருண்ட இனங்கள்' என்று குறிப்பிட்டார். உடல் இருக்கிறது, எண் இருக்கிறது, பெயர் இல்லை.

நம் மொழியில் இதற்கு நேர் எதிரான நிலை இருப்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின்படி வகுக்கும்போது கறையானையும் எறும்பையும் மூவறிவில் வைக்கிறார், நண்டையும் தும்பியையும் நாலறிவில் வைக்கிறார். பூச்சிகளைக் கூர்ந்து பார்த்த ஒரு சமூகத்தின் குரல் அது. சங்கப் பாடல்களில் வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று தனித்தனிச் சொற்கள் வருகின்றன, சில இடங்களில் அடுத்தடுத்தே வருகின்றன. இன்று அகராதியைப் புரட்டினால் எல்லாம் சுற்றிச் சுற்றி வண்டிலும் தேனீயிலும் வந்து முடிகின்றன. சுரும்பு எந்தப் பூவில் இருந்தது, ஞிமிறு எந்த அளவில் இருந்தது என்று காட்ட ஓர் உடல்கூட மிஞ்சவில்லை. பெயர் இருக்கிறது, பூச்சி இல்லை. ஒரு பெயரை அதற்குரிய உடலோடு கட்டிவைக்க யாரும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அறிய நாம் கனடாவுக்குப் போகவேண்டியதில்லை.

பார்கோடின் இன்னொரு குறையை நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு எளிதாக விளக்கலாம். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவது. அப்பனின் சுவடு அதில் இல்லை. மருமக்கள்வழியில் சொத்து இறங்கியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சுகிராமத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத தேரூரில் பிறந்த கவிமணி, அந்த முறையால் சொந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை மருமக்கள்வழி மான்மியத்தில் நையாண்டியாகப் பாடினார். பூச்சிகளிலும் அந்தப் பாடு உண்டு. இரண்டு இனங்கள் கலந்து பிறந்த குட்டியை பார்கோடு தாயின் இனமாகவே கணக்கில் எழுதிவிடும். போதாததற்கு வால்பேக்கியா என்றொரு பாக்டீரியா. அதுவும் தாய்வழியே பரவி, தான் குடியேறிய வம்சத்தின் மைட்டோகாண்ட்ரியாவை இனம் முழுக்கப் பரப்பிவிடும். அப்போது வேறு வேறு இனங்கள் ஒன்றுபோலவும், ஒரே இனம் இரண்டுபோலவும் தோன்றக்கூடும். 2006-இல் ருடால்ஃப் மையரும் மற்றவர்களும் 449 ஈயினங்களின் வரிசைகளைச் சோதித்தபோது சரியாக இனங்காண முடிந்தது 70 விழுக்காட்டுக்கும் குறைவு. ஈக்கள்தான் நம் பொறிகளில் அதிகம் விழுகின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

இதையெல்லாம் சொல்லி பார்கோடு முறையை ஒதுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. அவர்களில் சிலருக்குத் தங்கள் குலத்தொழில் போய்விடுமே என்ற கவலை இருக்கிறதோ என்றும் தோன்றும். அதே அளவுக்கு, இனி உருவத்தைப் பார்க்கவே வேண்டாம் என்கிற மறுகட்சியையும் ஏற்க முடியவில்லை. 2021-இல் கோஸ்டா ரிக்காவின் 403 குளவி இனங்களை ஒரே கட்டுரையில் பெரும்பாலும் பார்கோடு வரிசையை மட்டும் வைத்து விவரித்துப் பெயர் சூட்டினார்கள். கூடவே ஒரு படம். பெரும் சர்ச்சையானது. வரிசை படிக்கும் வசதி இல்லாத ஊரில் ஒருவர் கையில் அந்தக் குளவி கிடைத்தால் அவர் என்ன செய்வார்? ஏத்தாப்பூரிலோ அஞ்சுகிராமத்திலோ உள்ளவரின் கேள்வி அது.

கோஸ்டா ரிக்காவின் பழைய கதையொன்று இதைவிட எனக்குப் பிடித்தமானது. குவானகாஸ்தே காடுகளில் டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் 1970-களின் இறுதியிலிருந்து கம்பளிப்புழுக்களை வளர்த்து வந்தார்கள். 'அஸ்ட்ராப்டிஸ் ஃபல்ஜரேட்டர்' என்று 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்ட நீலப் பட்டாம்பூச்சி அதில் ஒன்று. 2004-இல் அதன் பார்கோடைப் பார்த்தபோது அது ஒன்றல்ல, பத்து இனங்கள் என்று அறிவித்தார்கள். (பத்து இல்லை, மூன்றிலிருந்து ஏழுக்குள் என்று பின்னர் ஒருவர் வாதாடினார். அந்த வழக்கு அறிவியலுக்கு நல்லதுதான்.) பத்திரிகைகள் அதை மரபணுவின் வெற்றி என்று எழுதின. எனக்கு அதில் தெரிவது வேறு. அந்தப் புழுக்களைக் காட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள் பக்கத்துக் கிராமத்து ஆண்களும் பெண்களும். பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, அவர்களை அந்த வேலையில் அமர்த்தியிருந்தார்கள். எந்தச் செடியில் எந்தப் புழு, அதன் நிறம் என்ன, எந்த நாளில் கூடு கட்டியது என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார்கள். புழுக்களின் நிறமும் அவை தின்ற செடிகளும் வேறுபடுவது முன்பே தெரிந்திருந்தது. எழுத்து வரிசை வந்து அந்தக் குறிப்பேடுகளின்மேல் பொருந்தியது. குறிப்பேடு இல்லாமல் வரிசை மட்டும் இருந்திருந்தால் பத்து எண்கள் கிடைத்திருக்கும்.

நம் பக்கம் ஒரு பூச்சிக் கணக்கெடுப்பு என்றால் அது இப்படித்தான் நடக்கவேண்டும் என்று நினைக்கிறேன். சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. பறவைகளை எண்ணுகிறோம், நல்லது. அந்தப் பறவைகளில் பல தின்னும் பூச்சிகளுக்கு நம்மிடம் ஒரு பட்டியல் வேண்டாமா? ஜெர்மனியில் கிரெஃபெல்ட் நகரத்து ஆர்வலர் சங்கத்தின் பொறிகளை வைத்து, பாதுகாக்கப்பட்ட 63 இடங்களில் 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டதென்று 2017-இல் காட்ட முடிந்ததற்குக் காரணம், அவர்கள் குப்பிகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். வயல் தென்னந்தோப்பாகி, தோப்பு மனையடியாகிக்கொண்டிருக்கும் நாஞ்சில் நாட்டில் எது போயிற்று என்று சொல்ல நாளைக்கு எந்தக் குப்பி இருக்கும்?

மொத்தப் பொறியையும் அரைத்துக் கூழாக்கி ஒரே மூச்சில் எல்லா இனங்களின் வரிசையையும் படிக்கும் முறையும் வந்துவிட்டது. மலிவு, வேகம். பட்டியல் கிடைக்கும், எத்தனை என்பது சரியாகக் கிடைக்காது, உடலும் மிஞ்சாது. கணக்கெடுப்புக்கு ஒதுக்கும் பணத்தில் இந்த வேகத்துக்கு ஒரு பங்கு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முதல் பங்கு ஊசிக்கும் பெட்டிக்கும், அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்து பெயர் சொல்லத் தெரிந்தவருக்கும் போகவேண்டும். ஒரு காலை எடுத்துக்கொண்டு மீதி உடலைச் சான்றாக வைப்பதில் என்ன சிரமம்? கோழிக்கோட்டில் சால்சிட் குளவிகளைப் படித்த டி. சி. நரேந்திரன் 2013-இல் மறைந்தார். சென்னை லயோலா கல்லூரியில் இலைப்பேன்களைப் படித்த டி. என். அனந்தகிருஷ்ணன் 2015-இல் மறைந்தார். மாணவர்களை விட்டுச்சென்றார்கள். அந்த மாணவர்களும் ஓய்வுபெறும் வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். பத்து வருடம் கழலை ஈ படித்தால் வேலை உண்டு என்று என் மருமகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரிசை படிக்கும் ஆய்வகத்தில் வேலை உண்டு என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது.

வயலிலும் ஆட்கள் வேண்டும். ஆனைக்கொம்பனைத் தாளைத் தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அஞ்சுகிராமத்தைச் சுற்றி இன்னும் சிலர் இருக்கிறார்கள், என் மாமா உட்பட. எல்லோருக்கும் எழுபதுக்கு மேல். அவர்களிடம் கேட்டு எழுத எந்த இயந்திரமும் தேவையில்லை, ஒரு குறிப்பேடு போதும்.

பொறியைக் கழற்றிக்கொண்டு மருமகள் ஊர் திரும்பிய பிறகு மாமா ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைக் கழுவி வைத்திருந்தார். கிணற்றடிப் புங்கமரத்தின் இலைகளில் சிறு சிறு கழலைகள் இருந்தன. நாலைந்து இலைகளை உள்ளே போட்டு, வாயில் துணி கட்டி, திண்ணையில் வைத்தார். என்ன வருகிறதென்று பார்க்கவேண்டுமாம். பதினோராம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு வகை வந்திருக்கிறது, ஒன்று கொசுபோல, மற்றது கறுப்பாகக் குளவிபோல, இதில் எது வீட்டுக்காரன், எது திருடன் என்று அவளிடம் கேட்டுச் சொல் என்றார்.